வராந்தாவில் விளையாடத் தடை

ஓர் எவர்சில்வர் டம்ளர் உருண்டு வந்து என் வீட்டுக் கதவில் முட்டியது. காலை மணி பத்து இருக்கும். செய்தித்தாளில் கடைசிப் பக்கம் வரை வந்திருந்தேன். அழைப்பு மணி இருக்கும்போது டம்ளரால் கதவைத் தட்டுகிற ஆள் யார் என்று எரிச்சலோடுதான் எழுந்தேன்.

திறந்தால் கண் மட்டத்தில் யாரும் இல்லை. கீழே, வராந்தாவின் நடுவில், ஒரு பெண் குழந்தை கால்களை அகட்டி உட்கார்ந்திருந்தது. பதினோரு மாதம். கீழே இரண்டு பல். டம்ளரைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது, பிறகு கையை நீட்டியது. அது வேண்டுகோள் இல்லை, உத்தரவு. முப்பத்தாறு வருட அரசுப் பணியில் அவ்வளவு தெளிவான உத்தரவு எனக்கு வந்ததில்லை.

குனிந்து உருட்டிவிட்டேன். டம்ளர் நேராகப் போகாமல் அரைவட்டம் அடித்துக்கொண்டு போனது. ஒரு பக்கம் வாய் அகன்ற பொருள் அப்படித்தான் போகும். குழந்தைக்கு அது தெரிந்திருந்தது. எனக்கு அறுபத்தொன்பது வயதில் அன்றுதான் தெரிந்தது.

எதிர் வீட்டு வாசலில் அதன் அம்மா ஜெனி பதறிக்கொண்டு வந்து நின்றாள்.

"சாரி சார். கை தவறி உருண்டுடுச்சு. இனிமே உள்ளயே வெச்சு விளையாட வெக்கறேன்."

பரவாயில்லை என்று சொன்னேன். ஆனால் அவள் பதறியதற்குக் காரணம் நானேதான்.

விதி பதினான்கு

நான் குடியிருப்பது சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மூன்று மாடி, பதினெட்டு வீடுகள். குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். தேர்தல் நடந்த கூட்டத்தில் நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். எழுந்தவர் தயாராக இருக்கிறார் என்று கைதட்டிவிட்டார்கள்.

பொறுப்பு வந்ததும் நான் செய்த முதல் வேலை விதிகள் எழுதியது. மொத்தம் முப்பத்திரண்டு. அதில் பதினான்காவது, பொது வராந்தாவில் பொருள்கள் வைப்பதையும் குழந்தைகள் விளையாடுவதையும் தடை செய்கிறது. உண்மையில் அது முதல் மாடியில் இருந்த ஒரு சைக்கிளையும் ஒரு செருப்பு அலமாரியையும் குறிவைத்து எழுதப்பட்டது. குழந்தைகளை ஏன் சேர்த்தேன் என்று இப்போது யோசித்தால், வாக்கியம் நிறைவாக இருக்கட்டும் என்றுதான் சேர்த்திருக்கிறேன். அப்போது கட்டடத்தில் குழந்தையே கிடையாது.

சைக்கிளும் அலமாரியும் இன்றும் அங்கேயே இருக்கின்றன.

சென்ற வாரம் நான் பணி ஓய்வு பெற்ற நாளைப் பற்றி எழுதியதைப் படித்த வாசகர் ஒருவர், ஓய்வுக்குப் பிறகு பொழுதை எப்படிப் போக்குகிறீர்கள் என்று கேட்டிருந்தார். நான் போக்குவதில்லை. அதுவாகவும் போவதில்லை. ஐந்தரைக்கு எழுந்து பால் காய்ச்சி, நடந்து, குளித்து, சமைத்து, செய்தித்தாளின் டெண்டர் அறிவிப்பு வரை படித்து முடித்தால் மணி பத்து. மனைவி வசந்தா போய் நான்கு வருடம் ஆகிறது. மகன் ஹைதராபாத்தில். ஞாயிற்றுக்கிழமை பேசுவான். பத்து மணிக்கு மேல் இருக்கும் பகல் மிக நீளமானது. அந்த நேரத்தில்தான் டம்ளர் வந்தது.

டம்ளரும் துண்டும்

மறுநாள் பத்து மணிக்குக் கதவைத் திறந்து வைத்தேன். காற்று வரட்டும் என்று. யாரும் கேட்கவில்லை என்றாலும் காரணம் தயாராக இருந்தது.

எதிர் வீட்டுக் கூடம் சிறியது, வெளிச்சம் குறைவு. உரிமையாளர் விட்டுச் சென்ற சோபாவும் இரும்பு பீரோவும் பாதி இடத்தை அடைத்திருந்தன. வராந்தாவில்தான் காலை வெயில் கம்பி வழியாகக் கட்டம் கட்டமாக விழும். குழந்தையின் பெயர் ஜோஷ்னா, வீட்டில் ஜோ. அந்தக் கட்டங்களைப் பிடிக்கத் தவழ்ந்து வருவாள். உள்ளேயே விளையாட வைப்பதாகச் சொன்ன ஜெனி பத்து நிமிடத்தில் தோற்றுப்போய் வாசலில் வந்து நின்றாள்.

"விதியெல்லாம் எனக்குத் தெரியும்மா. நான்தான் எழுதினேன். விடு" என்றேன். அந்தச் சம்மதம் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. அப்போது அது எனக்கு உறுத்தவில்லை.

பொம்மை வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். பொம்மை பெட்டி நிறைய இருக்கிறது, அவள் பெட்டியோடுதான் விளையாடுகிறாள் என்றாள் ஜெனி. உண்மைதான். ஒரு செருப்புப் பெட்டியின் மூடியில் ஓட்டை போட்டு, பழைய துப்பட்டாவை உள்ளே திணித்து, நுனியை மட்டும் வெளியே விட்டுவைத்திருந்தாள். ஜோ இழுப்பாள். வரும். இன்னும் இழுப்பாள். இன்னும் வரும். முழுதும் வந்த பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பாள், இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று. இப்படி ஓர் உதவியாளர் என் பிரிவில் இருந்திருந்தால் பல கோப்புகள் முடிந்திருக்கும்.

துணி மாட்டும் கிளிப்புகளை ஒவ்வொன்றாக பிளாஸ்டிக் டப்பாவில் போடுவது ஒரு விளையாட்டு. போடும்போது வரும் சத்தத்துக்காகவே போடுவாள். பிறகு மொத்தத்தையும் கவிழ்ப்பாள். மூன்று டம்ளர்களைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைப்பது இன்னொன்று. பழம் எங்கே இருக்கிறது என்பதை நான் மறந்துவிடுவேன், அவள் மறக்கமாட்டாள்.

பழைய செய்தித்தாளைக் கிழிப்பதில் அவளுக்கு அலாதிப் பிரியம். முதலில் சினிமாப் பக்கம் கொடுத்தேன். பிறகு தலையங்கப் பக்கம். தலையங்கத்தை அவள் நீளவாக்கில் கிழித்தாள். சரியான விமர்சனம் என்று எனக்குத் தோன்றியது. கிழித்ததை வாயில் போடும் முன் பிடுங்குவது என் பொறுப்பு.

எனக்குத் தெரிந்தது நடைமுறை மட்டும்தான் என்பதால் அதைச் செய்தேன். என் மாத்திரைப் புட்டிக்குள் நுழையும் பொருள் எதுவும் அவள் கைக்குப் போகக் கூடாது. கிளிப்புகளை வாரம் ஒருமுறை சோதித்து, கம்பி தளர்ந்தவற்றைக் கழிக்க வேண்டும். பேசினில் தண்ணீர் வைத்து, டீ வடிகட்டியும் குவளையும் கொடுத்து விளையாட விடும்போது பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும், அழைப்பு மணி அடித்தாலும் எழக் கூடாது, விளையாட்டு முடிந்த உடனே பேசினைக் கவிழ்க்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி ஜெனியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அங்கிள், இதுல உங்க கையெழுத்து, சீல் எல்லாம் எங்க?"

அன்றுதான் சார் அங்கிள் ஆனது.

எங்கள் தலைக்கு மேல் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானம் போகும். ஜோ உடனே விளையாட்டை நிறுத்தி விரலால் கூரையைக் காட்டுவாள். நானும் கூரையைக் காட்டுவேன். விமானத்தை நாங்கள் இருவரும் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் காட்டினோம்.

துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு "தாத்தா எங்க?" என்று கேட்கவேண்டும். இழுத்து எடுத்ததும் "இதோ" என்று சொல்லவேண்டும். மூன்றாவது நாளிலிருந்து அவளே வந்து இழுத்தாள். துண்டுக்குள் இருக்கும் அந்த நான்கைந்து விநாடிகளில், யாரோ என்னைத் தேடுகிறார்கள் என்பது எனக்கு விசித்திரமாக இருந்தது. நான்கு வருடமாக என்னைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துக்காக வந்தவர்கள்.

அம்மாவுக்குத்தான் தெரியும்

ஜோ சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மகன் பேசியபோது கேட்டேன். நீ எத்தனையாவது மாதத்தில் நடந்தாய்?

"எனக்கு எப்படிப்பா தெரியும்? அம்மாவுக்குத்தான் தெரியும்."

அவனுடைய தடுப்பூசி அட்டை என்னிடம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழின் சான்றொப்பமிட்ட நகல்கள் ஆறு இருக்கின்றன. அவன் நடக்கத் தொடங்கிய காலத்தில் நான் மாவட்டம் மாவட்டமாகக் கிளை அலுவலகங்களை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். எந்த அலுவலகத்தில் எந்தப் பதிவேடு பராமரிக்கப்படவில்லை என்று இன்றும் சொல்வேன்.

வீட்டுக்கு வரும் சனிக்கிழமைகளில் வசந்தா ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பாள். கரண்டியைத் தட்டினான், அரிசி டப்பாவைக் கவிழ்த்தான், குடத்துக்குள் தலையை விட்டுக் கூப்பிட்டான் என்று. நான் ஷூவைக் கழற்றிக்கொண்டே உம் கொட்டியது நினைவிருக்கிறது. இடையில் எங்கேயோ அவன் நடந்ததையும் சொல்லியிருப்பாள். இப்போது அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உலகத்தில் ஆள் இல்லை.

பெரிய துக்கம் என்று இதைச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாரம் சலவை இயந்திரம் வந்த ஓர் அட்டைப் பெட்டியை இரண்டாம் மாடியில் கேட்டு வாங்கி, இரு பக்கமும் வெட்டி, குகை மாதிரி வராந்தாவில் வைத்தேன். ஜோ ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தாள். நான் மறுபக்கம் முட்டி போட்டுக்கொண்டு இருந்தேன். வெளியே வந்து என் சட்டைப் பையைப் பிடித்து எழுந்து நின்றாள்.

எழுத்தில் வந்த புகார்

பெட்டியைக் கொடுத்தவர் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி இருப்பவர்தான் புகார் செய்தார். ஜோவின் வராந்தாவுக்கு நேர் கீழே அவர் வீடு. பெயர் வேண்டாம், அவரும் இந்தப் பத்திரிகையை வாங்குகிறார். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவர் இரண்டு வரி போட்டார். மேலே தினமும் பாத்திரம் உருளும் சத்தம் வருகிறது. விதி பதினான்கு செயலாளர் மாடிக்குப் பொருந்துமா, தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

பதினோரு பேர் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். ஒருவர் கும்பிடு போட்டார்.

நான் பதினைந்து படி இறங்கி அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். குழந்தை விளையாடுகிறது, பாய் விரித்துவிடுகிறோம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் புகார் எழுத்தில் வந்தால் பதிலும் எழுத்தில் போக வேண்டும். அதோடு, செயலாளர் தனக்குச் சலுகை கொடுத்துக்கொண்டார் என்ற பேச்சை நான் என் பணிக்காலம் முழுவதும் வரவிடாதவன்.

எனவே ஒரு சுற்றறிக்கை தட்டச்சு செய்தேன்.

இங்கே சுற்றறிக்கை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை, ஈரக் குடையைப் பிரிவுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. எல்லாரும் படித்துச் சுருக்கொப்பம் இட்டோம். பிறகு அந்தச் சுற்றறிக்கையை மாட்டிய அதே ஆணியில் குடையையும் மாட்டினோம். சுற்றறிக்கை என்பது கோப்பை முடிப்பதற்கான தாள். அதை யாரும் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை. புகார்தாரருக்கு ஒரு தாள் கிடைக்கும், கோப்பு மூடப்படும், மறுநாள் பத்து மணிக்கு டம்ளர் வழக்கம்போல உருளும். நான் மனப்பூர்வமாக அப்படித்தான் நம்பினேன்.

பதினெட்டுக் கதவிலும் ஒட்டினேன். என் கதவிலும்தான். படி பெருக்கும் கன்னியம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னா சார், உன் வூட்டுக் கதவுல நீயே நோட்டீஸ் ஒட்டிகினு கீற?"

"எல்லாருக்கும் பொது, கன்னியம்மா. குழந்தைங்க வராந்தால விளையாடக் கூடாதுன்னு."

"இந்த பில்டிங்ல ஒரு கொயந்ததான கீது. அத்த நீதான கூட்டி வெச்சுகினு வெளாட்ற. அதுக்கு எதுக்கு சார் இவ்ளோ பேஜாரு?"

நடைமுறை என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே அடுத்த படிக்குப் போய்விட்டாள்.

தாளின் கீழே ஒரு வரி இருந்தது. விதி இருபத்தேழின்படி, வாடகைக்கு விடப்பட்ட வீடுகளுக்கு அனுப்பும் எந்த அறிவிப்பின் நகலும் வீட்டு உரிமையாளருக்குப் போக வேண்டும். வாடகை வீடுகள் நான்கு. நான்கு நகல்களை அன்றே ஸ்கேன் செய்து அனுப்பினேன். அனுப்பிவிட்டு, ஜோவுக்குச் சப்பாத்தி மாவு உருண்டை வைத்து விளையாடலாமா, உப்புப் போட்டால் ஒட்டாதாமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மற்ற மூன்று வீடு

மறுநாள் பத்து மணிக்குக் கதவைத் திறந்து வைத்தேன். வெயில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. எதிர்க் கதவு சாத்தியிருந்தது. தேவாலயத்துக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். அன்று புதன்கிழமை என்பது பிறகு உறைத்தது.

மாலையில் ஜெனியின் கணவன் சார்லஸ் வந்தான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கம்பெனி சட்டையைக்கூட மாற்றாமல் வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்றால் வரவில்லை.

"ஓனர் போன் பண்ணாரு சார். உன் வீட்டு மேல அசோசியேஷன் கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கு, எனக்கு இந்தத் தலைவலி வேணாம், வேற வீடு பாத்துக்கோன்னுட்டாரு."

"அது கம்ப்ளெயின்ட் இல்லப்பா. சர்க்குலர். எல்லா வீட்டுக்கும் போனது."

"ஓனருக்குக் காப்பி எங்களுக்கு மட்டும்தான சார் போச்சு?"

"இல்லயே. வாடகை வீடு நாலுக்கும் போச்சு."

"மத்த மூணு வீட்லயும் குழந்தை இல்லையே சார்."

குரலில் கோபம் இல்லை. கணக்கில் விட்டுப்போன ஒன்றை எடுத்துக் காட்டுகிறவன் மாதிரிச் சொன்னான். நான் கதவில் ஒட்டியிருந்த என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றே உரிமையாளருக்குப் போன் செய்தேன். வேலூரில் இருக்கிறார். எடுத்ததும் எனக்கு நன்றி சொன்னார். உங்களைப் போல் ஒழுங்காகத் தகவல் சொல்லும் செயலாளர் கிடைப்பது அபூர்வம் என்றார். நான் விளக்க விளக்க அவர் இன்னும் மரியாதையாகப் பேசினார்.

"நீங்க பெரிய மனசு பண்ணி இப்ப விட்டுக்குடுக்கறீங்க சார். ஆனா லெட்டர்ஹெட்ல எழுத்துல வந்துடுச்சே. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தான கேப்பாங்க?"

அது என் வாக்கியம். அதே சொற்களை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

திரும்பப் பெறும் அறிவிப்பு ஒன்று அனுப்பினேன். அவர் பதில் போடவில்லை. விதியையே நீக்கிவிட்டால் அவருக்குக் காரணம் இருக்காது என்று தோன்றியது. விதியைத் திருத்தச் சிறப்புப் பொதுக்குழு வேண்டும். அதற்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு. அவசரக் கூட்டம் கூட்ட வழி உண்டா என்று விதிகளைப் புரட்டினேன். இல்லை. அவசரம் என்று ஒன்று வரும் என்பதை எழுதியவர் எதிர்பார்க்கவில்லை.

போர்வை

அடுத்த நாள் எதிர்க் கதவுக்கு அருகில் போய் நின்றேன். உள்ளே விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. டம்ளர் உருளும் சத்தம் வரவில்லை. அதற்குப் பதில் மெத்தையில் எதையோ போடுவது போல மொத் மொத்தென்று ஒரு சத்தம்.

தட்டினேன். ஜெனி திறந்தாள். கூடத்தில், சோபாவுக்கும் பீரோவுக்கும் நடுவே, இரண்டு தடிமனான போர்வைகளை மடித்து விரித்திருந்தாள். அதன்மேல் டம்ளர்கள். ஜோ ஒரு டம்ளரைத் தள்ளினாள். போர்வையில் அது உருளவில்லை. மறுபடி தள்ளினாள். பிறகு என்னைப் பார்த்தாள். இரு கைகளையும் தூக்கிக்கொண்டு தவழ்ந்து வரப் பார்த்தாள். கையைத் தூக்கினால் தவழ முடியாது. முகம் குப்புற விழுந்தாள். போர்வை என்பதால் அடிபடவில்லை.

ஜெனி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

தவறு நடந்துவிட்டது என்றேன். நகல் அனுப்பியது நடைமுறை என்றேன். உரிமையாளரிடம் பேசியதையும், பொதுக்குழு கூட்டப் போவதையும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"உங்க வேலைய நீங்க செஞ்சீங்க சார். ஆனா எங்ககிட்ட கதவத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எதிர் வீடுதான."

அங்கிள் மறுபடி சார் ஆகியிருந்தது. அவள் வேண்டுமென்று சொன்னதாகத் தெரியவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஜோவை வாங்கிக்கொள்ள நான் கை நீட்டவில்லை. அவளும் கொடுக்கவில்லை. குக்கர் விசில் வந்தது. உள்ளே போனாள்.

பொதுக்குழு நடந்தது. வந்தவர்கள் ஐந்து பேர். விதிப்படி ஒன்பது பேர் வேண்டும். புகார் கொடுத்தவரும் வந்திருந்தார். நான் எழுதியதை நானே நீக்கச் சொல்வது ஆச்சரியமாக இருக்கிறது என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, குழந்தை உள்ள வீட்டைக் காலி செய்ய வைக்க வேண்டும் என்று தான் நினைக்கவில்லை, விதி பொருந்துமா என்று மட்டும்தான் கேட்டேன் என்றார். அவர் சொன்னது உண்மைதான். கூட்டம் ஒரு வாரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அந்த வாரத்துக்குள் லாரி வந்துவிட்டது.

முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்ட விதி

அவர்கள் காலி செய்த காலையில் வராந்தா முழுக்க அட்டைப் பெட்டிகள் இருந்தன. விதிப்படி தவறு. யாரும் கேட்கவில்லை. இறங்கும் சாமான்களுக்கு நான் லிப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சார்லஸ் இரண்டு முறை தேங்க்ஸ் சொன்னான். தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்துவிட்டது, ரயில் அலைச்சல் மிச்சம் என்றான். எனக்காகச் சொன்னான் என்று நினைக்கிறேன்.

ஜோ ஜெனியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாயோரம் ஈரம். எழுப்ப வேண்டாம் என்று சைகை செய்தேன். எழுப்பலாமா என்று அவள் கேட்கவில்லை.

அதன் பிறகு எங்கள் மாடியில் விதி பதினான்கு முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரு தாளுக்கு இவ்வளவு கீழ்ப்படிதல் கிடைத்ததில்லை. பத்து மணிக்கு வெயில் வரும், பதினொன்றரைக்குப் போகும். விமானம் போகும்போது நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். கன்னியம்மா என் கதவில் இருந்த தாளைக் கேட்காமலே சுரண்டி எடுத்துவிட்டாள். பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

செயலாளர் பதவியை ராஜினாமா செய்தேன். ஏற்றுக்கொள்ளப் பொதுக்குழு வேண்டும். அது இன்னும் கூடவில்லை.

சிங்கப்பெருமாள் கோவில்

அவர்கள் போன நான்காவது ஞாயிறு, சார்லஸிடம் முகவரி கேட்டு செய்தி அனுப்பினேன். இப்படிப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போவது என் வழக்கமில்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. வாங்க சார், நான் ஷிப்ட்ல இருப்பேன், ஜெனி இருப்பா என்று.

தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயில் ஏறினேன். கையில் கொஞ்சம் ஆப்பிள். பொம்மை வாங்கலாம் என்று கடைக்குள் போய், வாங்காமல் வந்திருந்தேன். வண்டியில் எதிர் இருக்கையில் ஒரு குழந்தை தண்ணீர் பாட்டிலை ஆட்டிக்கொண்டு வந்தது. மறைமலைநகர் வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

வீடு தரைத்தளம், தனி வீடு. வாசலில் சிமெண்ட் தரை. ஜெனி கதவைத் திறந்து, உட்காருங்க சார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவளுடைய நைட்டியைப் பிடித்துக்கொண்டு ஜோ நின்றாள். பிடிக்காமலும் நிற்கிறாள் என்று ஜெனி சொன்னாள். போன செவ்வாய்க்கிழமை சமையலறையிலிருந்து கூடம் வரை ஒன்பது அடி நடந்தாளாம்.

"ஜோ" என்றேன்.

அவள் முகத்தை நைட்டியில் புதைத்துக்கொண்டாள். மறுபடி கூப்பிட்டேன். உதடு பிதுங்கியது. அழுகை வந்தது. மூன்று பேர் இருந்த அந்த அறையில் நான் மட்டும் வேற்றாள் என்பது மூவருக்கும் தெரிந்தது.

"ஒரு மாசம் ஆச்சுல்ல சார். அதுங்களுக்கு அவ்ளோதான் ஞாபகம்." ஜெனி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியவில்லை. "கூப்பிடாதீங்க. கூப்பிட்டா இன்னும் ஒட்டிக்குவா. கீழ உக்காந்து நீங்க பாட்டுக்கு ஏதாவது செய்ங்க. பாக்காதீங்க அவள."

நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. பக்கத்தில் ஒரு கூடையில் உருளைக்கிழங்கு இருந்தது. சுவரோரம் ஒரு காலி பக்கெட். ஏதாவது செய்யச் சொன்னால் எனக்கு வேறு என்ன தெரியும்? ஒரு கிழங்கை எடுத்து பக்கெட்டில் போட்டேன். டொம் என்றது. இன்னொன்று. இன்னொன்று.

ஜெனி டீ போட உள்ளே போனாள். அவளோடு சின்னக் காலடிகளும் போயின. நான் பார்க்கவில்லை.

கூடை காலியானது. யாரும் வரவில்லை. பக்கெட்டைக் கவிழ்த்து, எல்லாவற்றையும் கூடையில் அள்ளிப் போட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். சமையலறையில் பால் பொங்கும் வாசனை வந்தது. தெருவில் ஒரு லாரி போனது. ஒரு பெரிய மனிதன் அடுத்தவர் வீட்டுத் தரையில் தனியாக உட்கார்ந்து உருளைக்கிழங்கை எண்ணாமல் போட்டுக்கொண்டிருப்பதை யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. போட்டுக்கொண்டே இருந்தேன்.

இரண்டாவது முறை பாதிக் கூடை ஆகியிருக்கும். என் முழங்கை பக்கமாக ஒரு கை பக்கெட்டுக்குள் நீண்டது. மண் ஒட்டிய ஒரு கிழங்கை எடுத்தது. கூடையில் போட்டது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. முதுகுப் பக்கம்தான் என்னை நோக்கி இருந்தது. தலைமுடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. நான் ஒன்றை பக்கெட்டில் போட்டேன். அவள் அதை எடுத்துக் கூடையில் போட்டாள். நான் போட்டேன். அவள் எடுத்தாள். அந்த பக்கெட் நிறைவதாகவே இல்லை.

ஜெனி டீயைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். கொஞ்ச நேரம் நின்று எங்களைப் பார்த்தாள். டீ ஆறுகிறது என்றாள்.

ஆறட்டும் என்றேன்.